பல கட்டைகள், ஒரு பொருள்

கட்டைகளை அடுக்கி வீடு கட்டி, உடனே அதைத் தட்டிக் கலைத்துவிட்டுச் சிரிக்காத குழந்தை உலகில் இராது. அந்தப் பழைய விளையாட்டு இப்போது கணிப்பொறியின் திரைக்குள்ளும் குடிபுகுந்துவிட்டது. 2011-இல் முழுவடிவம் பெற்று வெளிவந்த மைன்கிராஃப்ட் என்னும் சுவீடன் நாட்டு ஆட்டத்தை உங்களில் பலர் ஆடியிருப்பீர்கள். அதே இனத்தைச் சேர்ந்த மற்றொன்று லுவான்டி. பின்லாந்துக்காரர் ஒருவர் 2010-இல் தொடங்கிய இது, நெடுங்காலம் மைன்டெஸ்ட் என்று வழங்கி, 2024-இல் இப்புதிய பெயரைச் சூடிக்கொண்டது. விலை கொடுக்காமல் கிடைப்பது. அதன் உள்நிரல் முழுவதையும் எவரும் திறந்து படிக்கலாம், மாற்றியும் அமைக்கலாம். ஆட்டத்தில் இல்லாத ஒரு பொருள் நமக்கு வேண்டுமானால், அதற்குரிய சிறு நிரலை நாமே எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். இத்தகைய சேர்க்கை நிரலை ஆடுவோர் ‘மாட்’ என்பர். அதனை எழுதும் மொழி லுவா. 1993-இல் பிரேசில் நாட்டில் பிறந்தது. போர்த்துகீசிய மொழியில் லுவா என்றால் நிலவு.

குமாரபாளையத்தில் எனக்குக் கணிப்பொறி கற்பிக்கும் தொழில். என் மாணவர் சிலர் இவ்வாட்டத்திற்குத் தறி ஒன்று செய்ய விரும்பினர். காவிரியின் இக்கரையில் குமாரபாளையமும் அக்கரையில் பவானியுமாக, கண்விழிக்கும்போதே தறியோசை கேட்கும் ஊரில் பிறந்தவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்? ஆனால் தறி ஒரே கட்டையில் அடங்குவதன்று. கால்கள் வேண்டும், பாவு சுற்றிய உருளை வேண்டும், நெய்த துணி சுற்றும் உருளை வேண்டும், மேலே ஜக்கார்டுப் பெட்டி வேண்டும். பல கட்டைகள் சேர்ந்து ஒரே பொருளாக இயங்க வேண்டும். இதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

இதில் என்ன கடினம் என்று நீங்கள் கேட்கலாம். கட்டைகளை அருகருகே வைத்தால் தறி ஆகிவிடாதா? நம் கண்ணுக்கு ஆகிவிடும், கணிப்பொறிக்கு ஆகாது. லுவான்டியின் உலகில் ஒவ்வொரு கட்டையைப் பற்றியும் அடிப்படையாக எழுதி வைக்கப்படுவது 4 பைட்டு அளவே. இரண்டு பைட்டில் அது எந்த வகைக் கட்டை என்ற எண். ஒரு பைட்டில் பெரும்பாலும் ஒளியின் அளவு. மற்றொன்றில் பெரும்பாலும் அது நோக்கும் திசை. பக்கத்தில் இருப்பவன் யார், நாம் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்ற செய்தி அதில் எங்கும் இல்லை. இவ்வாட்டங்களில் மரம் வெட்டியவர் ஒரு வேடிக்கையைக் கண்டிருப்பர். அடிமரத்தை வெட்டி எடுத்த பின்னும் மேல்மரம் அந்தரத்தில் அப்படியே நிற்கும். நியூட்டன் பார்த்திருந்தால் திகைத்திருப்பார். ஆனால் கணிப்பொறி தவறு ஒன்றும் செய்யவில்லை. அதன் கணக்கில் மரம் என்று ஒன்று இருந்ததே இல்லை. சில கட்டைகள் இருந்தன, அவற்றுள் ஒன்று போயிற்று, அவ்வளவே.

ஆகவே பல கட்டைகள் ஒரு பொருள் என்ற செய்தியை நிரல் எழுதுபவரே பிறப்பிக்க வேண்டும்; பிறப்பித்து, அப்பொருள் அழியும்வரை காத்தும் வர வேண்டும். மிக எளிய சான்று கதவு. கதவின் உயரம் 2 கட்டை. லுவான்டியோடு நெடுங்காலம் வழங்கிவந்த அடிப்படை ஆட்டத்தில், கதவின் முழு உருவமும் கீழ்க்கட்டைக்கே உரியது. மேலிடத்தில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு கட்டை இடம் பிடித்து நிற்கிறது. பேருந்து இருக்கையில் துண்டைப் போட்டு வைப்பது போல. அது இல்லாவிட்டால் கதவின் தலைமேலேயே ஒருவர் கல்லை வைத்துவிடலாம். மைன்கிராஃப்டிலோ முறை வேறு: கீழ்ப்பாதி, மேற்பாதி என்ற இரு கட்டைகளும் தாம் இன்ன பாதி என்பதைத் தாமே அறிந்திருக்கும், ஒன்று போனால் மற்றொன்றும் போய்விடும்.

இரண்டு கட்டைக்கு இவை போதும். தறிக்குப் போதா. அதற்கு வரைபடம் வேண்டும். இந்த இடத்தில் என் மாணவர்களை நான் கணிப்பொறியை விட்டு எழச் சொன்னேன். நெசவுக்குப் பூ வரையும் கட்டத்தாளைப் போய்ப் பார்த்து வாருங்கள் என்றேன்.

சென்னிமலைப் போர்வையிலோ இளம்பிள்ளைச் சேலையிலோ காணும் பூவை நெய்வதற்கு முன், அதனைக் கட்டம் போட்ட தாளில் வரைவர். நெடுக்கில் செல்லும் ஒவ்வொரு வரிசையும் ஒரு பாவு இழை; குறுக்கில் செல்லும் ஒவ்வொரு வரிசையும் ஓர் ஊடை. வண்ணமிட்ட கட்டத்தில் பாவு மேலெழ வேண்டும்; வெறுங்கட்டத்தில் அது கீழே கிடக்க வேண்டும். பின்பு ஒவ்வொரு குறுக்கு வரிசைக்கும் ஓர் அட்டை எடுத்து, வண்ணமிட்ட கட்டங்களுக்கு நேரே துளையிடுவர். அட்டைகளைத் தொடராகக் கோத்து ஜக்கார்டுப் பெட்டியில் ஏற்றுவர். துளையுள்ள இடத்தில் ஊசி உள்ளே நுழையும். அதற்குரிய கொக்கி நிமிர்ந்து நின்று பாவு இழையைத் தூக்கும். துளையில்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், கொக்கி விலகும், இழை அசையாது. இன்று இவ்வேலையைக் கணிப்பொறித் திரையிலேயே வரைந்து மின்னணு ஜக்கார்டுக்கு அனுப்பும் வசதியும் வந்துவிட்டது. கட்டத்தாளின் கருத்து மட்டும் மாறவில்லை.

பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-இல் இப்பொறியை அமைத்தார். அவர் முகத்தையே பட்டில் நெய்து 1839-இல் ஒரு படம் வெளியிட்டனர். அதற்கு ஏறக்குறைய 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன. நான் மாணவர்க்குச் சொல்ல விரும்பியது இதைத்தான்: அந்த 24,000 அட்டைகளில் எந்த ஒன்றைக் கையிலெடுத்து நோக்கினாலும் அங்கே ஜக்கார்டின் முகம் இல்லை. சில துளைகள் உள்ளன, அவ்வளவே. முகம் இருப்பது அவற்றின் ஒழுங்கில். அப்படத்தின் பிரதி ஒன்றைத் தம்மிடம் வைத்திருந்த பாபேஜ் என்னும் ஆங்கிலேயர், தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கும் துளையட்டைகளையே தேர்ந்துகொண்டார். அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கும் துளையட்டைகளின் மேல் நடந்தது. கணிப்பொறிக் கல்வி எங்கோ தொலைவிலிருந்து நெசவாளர் பிள்ளைகளுக்கு வந்த புதுச்சரக்கு என்று எண்ணுவோர் உண்டு. பாதி வழி அவர்கள் வீட்டுத் தறிமேட்டின் வழியாகத்தான் வந்தது.

இனித் தறிக்கு வருவோம். மாணவர் வகுத்த தறியின் அகலம் 3, ஆழம் 2, உயரம் 2. ஆக 12 இடங்கள். கீழ்த்தளத்தின் முன்வரிசையில் ஒரு கால், நடுவே துணி உருளை, மற்றொரு கால். பின்வரிசையில் ஒரு கால், நடுவே பாவு உருளை, மற்றொரு கால். மேல்தளத்தின் பின்வரிசையில் தூண், ஜக்கார்டுப் பெட்டி, தூண். மேல்தளத்தின் முன்வரிசை மூன்றும் வெற்றிடம். நெய்பவர் கை வீசி நாடா ஓட்ட இடம் வேண்டுமல்லவா! ஆக 9 கட்டைகளும் 3 வெற்றிடங்களும். இதனை ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எழுத்து வைத்து, தளம் தளமாக, வரிசை வரிசையாக நிரலில் எழுதிக்கொண்டனர். பார்ப்பதற்குக் கட்டத்தாளே போல இருந்தது.

பேராட்டங்களை எழுதியவர்களும் இப்படித்தான் செய்தனர். மைன்கிராஃப்டில் 4 இரும்புக் கட்டைகளை அடுக்கி, மேலே செதுக்கிய பூசணி ஒன்றை வைத்தால் இரும்பு மனிதன் உயிர்பெறுவான். அதற்குரிய நிரலில் வடிவம் எழுதப்பட்டிருப்பது மூன்று வரிகளில், வரிக்கு மூன்று குறிகளாக. பூசணிக்கு ஒரு குறி, இரும்புக்கு ஒரு குறி, காற்றுக்கு ஒரு குறி. காற்றுக்கும் குறி இருப்பதை நோக்குக. கால்களுக்குப் பக்கத்தில் ஒரு புல் முளைத்திருந்தாலும் இரும்பு மனிதன் எழமாட்டான். ஆடுவோர் காரணம் தெரியாமல் தலையைச் சொறிந்துகொள்வர்.

வெறுங்கட்டமும் ஓர் ஆணை என்பதை நெசவாளர் அறிவர். துளையிடாமையும் அட்டையில் ஒரு சொல்தான். ஆனால் நம் ஆட்டத்தில் வெறுமை இரு வகைப்படும் என்பதை மறத்தலாகாது. ‘இங்கே ஒன்றும் இருக்கக் கூடாது’ என்பது ஒன்று. ‘இங்கே எது இருந்தாலும் எனக்குக் கவலையில்லை’ என்பது மற்றொன்று. தறியின் முன்மேல் வரிசை முதல் வகை. இரண்டிற்கும் ஒரே குறியை வைத்தால், நிரல் ஒரு நாள் நெசவாளியின் கை வீச்சில் சுவர் எழுப்ப இடங்கொடுக்கும். மற்றொரு நாள் பக்கத்து வீட்டுத் திண்ணையைக் காரணங்காட்டித் தறியை மறுக்கும்.

அடுத்து, தறி எத்திசை நோக்கியும் நிற்கலாம். நான்கு திசைக்கு நான்கு வரைபடம் எழுதுவோரும் உண்டு. அது வீண் உழைப்பு. ஒன்றில் செய்த திருத்தத்தை மற்ற மூன்றில் செய்ய மறந்து அல்லற்படவும் நேரும். ஒரே வரைபடத்தைச் சுழற்றிக்கொள்வதே அறிவு. துணி உருளையை நடுப்புள்ளியாகக் கொள்வோம். மற்றக் கட்டைகள் யாவும் அதிலிருந்து கிழக்கே எத்தனை, வடக்கே எத்தனை, மேலே எத்தனை என்று எழுதப்பட்டிருக்கும். மேற்கும் தெற்கும் குறை எண்கள். தறியை வலப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பினால், பழைய வடக்கு எண் புதிய கிழக்கு எண்ணாகிறது. பழைய கிழக்கு எண், குறி மாறிப் புதிய வடக்கு எண்ணாகிறது. மேல் எண் மாறுவதில்லை. வடக்கே 1 என்று இருந்த பாவு உருளை கிழக்கே 1 ஆகிவிடும். ஒரு தாளில் இதனைச் செய்து பாருங்கள். நான்கு முறை திருப்பினால் தொடங்கிய இடத்திற்கே வரும். வராவிட்டால் எங்கோ ஒரு குறி பிசகியிருக்கிறது.

இடம் திரும்பியது, முகமும் திரும்ப வேண்டுமல்லவா? ஒவ்வொரு கட்டையும் நோக்கும் திசை, நான் முன்பு சொன்ன அந்த ஒரு பைட்டில் உள்ளது. லுவான்டியில் ஒரு கட்டை நிற்கக்கூடிய நிலைகள் 24. அதையும் உடன் மாற்றாவிட்டால், பெட்டி சரியான இடத்தில் இருந்துகொண்டே சுவரைப் பார்த்து நிற்கும். சுழற்சியையும் கண்ணாடிப் பிம்பத்தையும் குழப்பிக்கொள்வது இன்னொரு வகைப் பிழை. அட்டைத் தொடரை முன்பின்னாகப் புரட்டி ஏற்றினால் கரையில் நெய்த பெயர் இடவலம் மாறிப் படிக்கவொண்ணாமற் போகும். எத்தனை முறை சுழற்றினாலும் அது நேராகாது.

தறியை வைப்பது எளிது என்று தோன்றும். ஒவ்வோர் இடமாகச் சென்று கட்டையை வைத்துக்கொண்டே போனால் தீர்ந்தது. ஏழாவது இடத்தில் ஒரு பாறை இருந்தால்? ஆறு கட்டைகள் வைத்தாயிற்று, அரைத்தறி நிற்கிறது. ஆதலால் முதலில் 12 இடங்களையும் பார்த்துவிட வேண்டும். எல்லாம் சரி என்று கண்ட பின்னரே முதற்கட்டையை வைக்க வேண்டும். பலர் கூடி ஆடும் உலகில், அந்த இடம் பிறர் காப்பில் உள்ளதா என்பதையும் 12 இடங்களுக்கும் கேட்க வேண்டும். நடுப்புள்ளிக்கு மட்டும் கேட்டுவிட்டு, பாவு உருளையை அடுத்தவர் மனைக்குள் நீட்டும் நிரல்களை நான் கண்டிருக்கிறேன். நம் தெருக்களில் இது வழக்காகி நீதிமன்றம் வரை போகும்.

இப்போது மையமான செய்திக்கு வருகிறேன். நம் ஊர்த் திருவிழாக்களில் தலைக்கட்டு வரி வாங்குவதைக் கண்டிருப்பீர்கள். வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் குடும்பம் ஒரு தலைக்கட்டு. ஊருக்குப் பதில் சொல்பவர் ஒருவர். பல கட்டைப் பொருளுக்கும் அதுவே முறை. ஒரு கட்டையைத் தலைக்கட்டையாக வைக்க வேண்டும். தறியில் துணி உருளை அத்தகையது. தறிக்குள் போட்ட நூல் எவ்வளவு, நெய்தது எவ்வளவு என்ற கணக்கு அதனிடமே இருக்கும். மற்ற எட்டும் தம் தலைக்கட்டை எங்கே இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் அறிந்திருந்தால் போதும். லுவான்டியில் கட்டையோடு இணைத்துச் சிறு குறிப்புகளை எழுதிவைக்க இடம் உண்டு. அதில் இதனை எழுதிவிடலாம். ஒருவர் இடப்புறக் காலைத் தொட்டாலும், மேற்பெட்டியைத் தொட்டாலும், கேள்வி தலைக்கட்டைக்கே போகும். விடை அங்கிருந்தே வரும்.

பிரிப்பதும் அப்படியே. யாரேனும் ஒரு தூணைப் பெயர்த்தால், தூண் தலைக்கட்டைக்குச் சொல்ல வேண்டும். தலைக்கட்டை மற்ற எல்லாவற்றையும் நீக்கி, பெயர்த்தவர் கையில் ஒரே ஒரு தறியைக் கொடுக்க வேண்டும். இங்கே ஒரு பொறி உள்ளது. தலைக்கட்டை ஒரு காலை நீக்குகிறது; நீக்கப்பட்ட கால், தான் பெயர்க்கப்பட்டதாக எண்ணித் தலைக்கட்டைக்குச் சொல்கிறது; தலைக்கட்டை மீண்டும் எல்லாவற்றையும் நீக்கத் தொடங்குகிறது. இதற்கு முடிவே இல்லை. அல்லது ஒரு தறியைப் பெயர்த்தவன் கையில் ஒன்பது தறி வந்து சேரும். ஒன்பது தறி கிடைத்தால் யார் முறையிடுவர்? விளையாட்டின் பொருளாதாரமே சில நாளில் கவிழ்ந்துவிடும். தீர்வு சிறியது: பிரிக்கத் தொடங்கும்முன் ‘பிரித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று தலைக்கட்டை ஒரு குறி வைத்துக்கொள்ள வேண்டும், குறி உள்ளவரை வரும் முறையீடுகளுக்குச் செவிசாய்க்கலாகாது. உள்ளே நூல் இருக்கும்போது பெயர்க்கவே விடாமல் தடுப்பதும் நல்ல வழக்கம்.

என் மாணவர் தறி இவ்வளவும் செய்தது. தம்பி தங்கையரும் தோழரும் கூடி ஆடிய உலகில் பல தறிகள் எழுந்தன, நூலும் சேர்ந்தது. சில நாளில் முறையீடு வந்தது: ஒரு தறி நூலோடு காணாமற் போயிற்று என்று, பின் மற்றொன்று. எல்லாத் தறியும் போகவில்லை. போனவற்றை எவரும் தொடவுமில்லை. இரண்டு வாரம் சேர்த்த நூலை இழந்த ஒரு சிறுமி, தன் தோழியே திருடிவிட்டாள் என்று பேச்சை நிறுத்திக்கொண்டாள். விளையாட்டுத்தான், ஆனால் நட்பு விளையாட்டன்று.

காரணத்தை விளக்குகிறேன். லுவான்டியின் உலகம் நடுப்புள்ளியிலிருந்து எத்திசையிலும் ஏறக்குறைய 31,000 கட்டைத் தொலைவு பரந்தது. அத்தனையையும் நினைவில் வைத்திருக்க எந்தக் கணிப்பொறியாலும் ஆகாது. ஆகவே உலகை நீளம் 16, அகலம் 16, உயரம் 16 கொண்ட பெட்டிகளாக, பெட்டிக்கு 4,096 கட்டைகளாகப் பகுத்து, ஆடுவோர்க்கு அருகில் உள்ள பெட்டிகளை மட்டும் நினைவில் ஏற்றிக்கொள்கிறது. ஏற்றாத பெட்டியிலுள்ள கட்டையைப் பற்றிக் கேட்டால், காற்று என்றும் சொல்லாது, கல் என்றும் சொல்லாது; ‘இக்னோர்’ என்ற ஒரு தனிப்பெயரைச் சொல்லும். இப்போது கேட்காதே என்பது அதன் கருத்து. மாணவர் நிரலில், தலைக்கட்டை சிறிது நேரத்திற்கு ஒருமுறை தன் எட்டுக் கட்டைகளையும் சரிபார்த்துக்கொண்டிருந்தது. இரு பெட்டிகளின் எல்லைமேல் நின்ற தறிகளில், தலைக்கட்டை இருந்த பெட்டி விழித்திருக்க, பாவு உருளை இருந்த பெட்டி உறங்கிய நேரம் ஒன்று வந்தது. ‘பாவு உருளை இருக்கிறதா?’ என்று கேட்ட தலைக்கட்டைக்கு ‘இக்னோர்’ என்ற விடை கிடைத்தது. அது பாவு உருளை அன்று. ஆகவே தறி உடைந்துவிட்டது என்று முடிவு கட்டி, தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. எல்லைமேல் நில்லாத தறிகளுக்கு ஒரு தீங்கும் இல்லை.

எந்தச் சோதனைக்கும் உண்டு, இல்லை என்ற இரு விடைகளே போதும் என்று எண்ணுவதால் வரும் கேடு இது. தெரியாது என்பது மூன்றாம் விடை. அவ்விடை கிடைத்தால் ஒன்றும் செய்யாமல் இருந்து, பின்னர் மீண்டும் கேட்க வேண்டும். மாணவர் சேர்த்த திருத்தம் ஒரே ஒரு வரிதான். அவ்வரியைச் சேர்த்த பின் அவர்களை அச்சிறுமியிடமும் தோழியிடமும் அனுப்பி, காரணத்தை எல்லை வரைந்து காட்டிவிட்டு வரச் சொன்னேன்.

நீங்களே எழுதிப் பார்க்க விரும்பினால், முதலில் கட்டத்தாளில் வரையுங்கள். கதவு போன்ற இரு கட்டைப் பொருளில் தொடங்குங்கள். தறிவரை வந்த பின் ஒரு கேள்வி எழும். எங்கள் மாணவர்க்கும் எழுந்தது. இரு தறிகளை ஒட்டி ஒட்டி நிறுத்தினால், நடுவிலுள்ள காலை இரண்டும் பங்கிட்டுக்கொள்ளலாமா? கட்டை மிச்சம்தான். ஆனால் அக்கால் எந்தத் தலைக்கட்டையின் பெயரை எழுதிக்கொள்ளும்? ஒரு தறியைப் பெயர்க்கும்போது அது போவதா, நிற்பதா? பொதுச்சுவர் வைத்துக் கட்டிய இரண்டு வீடுகளில் ஒன்றை இடிக்கும் நாளில் எழும் கேள்வி இது. இரண்டு பெயரையும் எழுதி, இரண்டும் போனால்தான் போவேன் என்று நிற்கும் கால் செய்யலாம், செய்தவர்கள் உண்டு. எங்கள் மாணவர் நெடுநேரம் வாதிட்டு, தறிக்குத் தறி தன் காலைத் தானே கொண்டுவர வேண்டும் என்று தீர்மானித்தனர். இரு தறிகளுக்கிடையே ஆள் நடக்க ஒரு கட்டை அகலம் இடம்விட்டனர்.